கேட்டவருக்கா, தேடி வருபவருக்கா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதில் எழுதும் முறை

ப்ரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முதல்முறையாகக் கேள்வி போடும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் பதறிப்போகிற விஷயம் ஒன்று உண்டு. "எல்லோருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து "முன்கூட்டியே நன்றி" என்று முடித்திருப்பார்கள். பதிவு வெளியான கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்தால் வணக்கமும் இருக்காது, நன்றியும் இருக்காது. முன்னால் போட்ட ஹாய், ஹலோவைத் தளமே தானாக வெட்டிவிடுகிறது. கடைசியில் இருக்கும் நன்றியை முன்பின் தெரியாத யாரோ வந்து திருத்தி எடுத்துவிடுகிறார். பதில் கிடைத்தபின் "ரொம்ப நன்றி சார்" என்று கீழே ஒரு கருத்து போட்டால் அதையும் சில நாளில் காணோம். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கப் பழகிய ஒருவருக்கு இது முகத்தில் அடித்த மாதிரிதான் இருக்கும்.

காரணம் தெரியாவிட்டால் இதெல்லாம் திமிராகத்தான் தெரியும். 2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் இந்தத் தளத்தைத் தொடங்கிய காலத்தில் ப்ரோகிராமர்கள் பட்ட அவஸ்தை வேறு. ஒரு பிழைச் செய்தியைக் கூகுளில் போட்டுத் தேடினால், பணம் கட்டினால்தான் பதிலைக் காட்டுவோம் என்கிற தளம் முதலில் வந்து நிற்கும்; அதைத் தாண்டிப் போனால் பக்கம் பக்கமாக நீளும் உரையாடல், அதில் பாதி "எனக்கும் இதே பிரச்சினை", மீதிப் பாதி நலம் விசாரிப்பு, பதில் எங்கோ நடுவில் புதைந்து கிடக்கும், சில நேரம் கேட்டவரே வந்து "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு எப்படிச் சரியானது என்று சொல்லாமல் போயிருப்பார். இந்தக் குப்பையை ஒழிக்கத்தான் கேள்வி மேலே, ஓட்டு வாரியாகப் பதில்கள் கீழே, பேச்சுக்குச் சின்னதாக ஒரு இடம் என்று அமைத்தார்கள்.

அப்படி அமைத்ததும் பதில் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு வாசகர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர், இப்போது சிக்கலில் மாட்டிக்கொண்டு நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் கேள்வி கேட்டவர். இன்னொருவர், ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து அதே பிழைச் செய்தியைத் தேடிக்கொண்டு வரப்போகிறவர். முதலாமவர் ஒரே ஒரு ஆள், இரண்டாமவர் எத்தனை பேர் என்று சொல்லவே முடியாது. நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரிலிருந்து எப்படி வெளியே வருவது என்று 2012-ல் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் 10 லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். கேட்டவருக்கு அன்றே வேலை முடிந்துவிட்டது, மற்ற எல்லாமே தேடி வந்தவர்கள்.

இங்கே நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, உதவ வந்தவர் இந்த இருவரில் ஒருவரை மறந்துவிடுவதால் வருபவை என்பது என் கணிப்பு. தேடி வருபவரை மறந்தால் அவசரப் பதில், அரைகுறைப் பதில், ஆபத்தான பதில் வரும். கேட்டவரை மறந்தால் எரிந்து விழுவது வரும்.

இந்த எரிந்து விழுவதற்கு இணையத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. இணையத்தின் ஆரம்பகால விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலத்தில், அமெரிக்கக் கல்லூரிகள் திறக்கும் ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் கூட்டமாக வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள், பழையவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித் தருவார்கள், ஓரிரு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும். 1993-க்குப் பிறகு வணிக நிறுவனங்கள் வழியாகப் பொதுமக்களும் உள்ளே வர ஆரம்பித்ததும் அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் புலம்பினார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒரு தொகுப்பைத் தயாரித்து வைக்கும் வழக்கமே, சொன்னதையே சொல்லி அலுத்தவர்களால் யூஸ்நெட்டில் பரவியதுதான். 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1855 என்கிற இணைய ஒழுக்க ஆவணம், ஒரு குழுவில் எதையும் எழுதுவதற்கு முன் ஒன்று இரண்டு மாதம் சும்மா படித்துப் பாருங்கள் என்கிறது. உங்களை யாராவது சீண்டினாலும் சூடாகப் பதில் அனுப்பாதீர்கள் என்றும் சொல்கிறது. இரண்டாவது அறிவுரை இன்றைக்கும் அப்படியே பொருந்தும். முதலாவது இப்போது செல்லாது, ஏனென்றால் நாளைக் காலையில் டெமோ காட்ட வேண்டிய ஆள் இரண்டு மாதம் படித்துக்கொண்டிருக்க முடியாது, கூகுள் அவரை நேராகக் கொண்டுவந்து கேள்விப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது.

அப்படி வந்து இறங்குகிறவருக்கு என்ன நடக்கிறது என்பதை, உதவ நினைக்கிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தளத்தில் ஒருவரின் பங்களிப்பைப் பொறுத்துப் புள்ளி ஏறும்; வெகுகாலமாக இருந்துவந்த விதிப்படி புதுக் கணக்குக்கு 1 புள்ளி. ஆதரவு ஓட்டுப் போட 15 புள்ளி வேண்டும். அடுத்தவர் பதிவின் கீழ் கருத்து எழுத 50 வேண்டும். ஆனால் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் எழுத மட்டும் எந்தப் புள்ளியும் வேண்டாம்! ஒரு பழைய பதிலைப் படித்துவிட்டு "இது புதுப் பதிப்பில் வேலை செய்யுமா?" என்று சின்னதாக ஒரு சந்தேகம் கேட்க நினைக்கிறார். கருத்துப் பெட்டி பூட்டியிருக்கிறது, பதில் பெட்டி திறந்து கிடக்கிறது, அதில் கேட்டுவிடுகிறார். சில நிமிடத்தில் "இது பதில் இல்லை" என்று ஒரு எச்சரிக்கை, ஒரு எதிர் ஓட்டு, அப்புறம் பதிவே நீக்கம். அவர் செய்த குற்றம், திறந்திருந்த ஒரே கதவு வழியாக உள்ளே வந்தது. கருத்துப் பெட்டியைப் பூட்டியதற்குக் காரணம் இருக்கிறது, விளம்பரக் குப்பையைத் தடுக்க வேண்டுமே. ஆனால் அந்தப் பதிவை நீக்கச் சொல்லி அனுப்புகிறவர், "உங்களால் இன்னும் கருத்து எழுத முடியாது என்று தெரியும், இதைத் தனிக் கேள்வியாகப் போட்டு இந்தப் பக்கத்தின் சுட்டியைச் சேர்த்துவிடுங்கள், கண்டிப்பாகப் பார்ப்பார்கள்" என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பிள்ளை திரும்பி வருவான். எழுத அரை நிமிடம் ஆகுமா?

சரி, கேள்வி ஓரளவு ஒழுங்காக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதவுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, கேட்டிருப்பதும் அவருக்குத் தேவையானதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. உதாரணமாக ஒருவர் இப்படிக் கேட்கிறார்: எக்செலில் ஒரு நெடுவரிசையில் இருக்கும் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் முதல் மூன்று எழுத்தை எப்படி நீக்குவது? சூத்திரம் ஒரே வரிதான், யாரும் உடனே எழுதிவிடலாம். ஆனால் அவர் ஒட்டியிருக்கும் மாதிரியைப் பார்த்தால் அது வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள், அவர் தூக்க நினைப்பது +91. அந்தப் பட்டியலில் சில எண்கள் வெறும் பத்து இலக்கமாக இருக்கும், சில 0-வில் தொடங்கும், சிலவற்றில் +91-க்குப் பிறகு ஒரு இடைவெளி இருக்கும். நம் சூத்திரத்தின் விடையைப் பழைய நெடுவரிசை மேலேயே ஒட்டிவிட்டால் பத்து இலக்க எண்கள் ஏழு இலக்கமாகிவிடும், அழிந்த மூன்று இலக்கம் திரும்பாது. கேட்டதற்குச் சரியான பதில்தான், ஆனால் அவர் பட்டியல் கெட்டுப்போயிற்று. இடைவெளியை எல்லாம் எடுத்துவிட்டு வலது பக்கத்திலிருந்து பத்து இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் அவருக்கு வேண்டிய உதவி.

இதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்கிற உற்சாகத்தில் சிலர் இன்னொரு தவறைச் செய்கிறார்கள். "நீங்கள் தப்பாகக் கேட்கிறீர்கள், உண்மையில் என்ன செய்யப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அப்போதுதான் பதில்" என்று போலீஸ் விசாரணை நடத்துகிறார்கள். கேட்டவருக்கு அலுவலகத்தில் வேறு கட்டாயம் இருக்கலாம், பழைய மென்பொருளை மாற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். அதைவிட முக்கியம், நாளைக்கு வேறொருவர் நிஜமாகவே முதல் மூன்று எழுத்தை நீக்க வேண்டி இதே தலைப்பைத் தேடி வருவார், அவருக்கு இந்த விசாரணையைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கேட்டதற்கு முதலில் பதில், அப்புறம் "இவை கைபேசி எண்கள் மாதிரித் தெரிகிறது, அப்படியென்றால் இந்த வழி பத்திரமானது" என்று இன்னொரு பத்தி. இருவருக்கும் வேலை முடிந்தது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். வேலை செய்யும் பதில்கள் எல்லாம் நல்ல பதில்கள் கிடையாது. லினக்ஸில் "அனுமதி இல்லை" என்று பிழை வந்தால் சிஎச்மாட் 777 என்கிற கட்டளையைப் போடச் சொல்லும் பதில்கள் எத்தனையோ கிடக்கின்றன. போட்டால் பிழை உடனே போய்விடும், கேட்டவர் கும்பிட்டுவிட்டுப் போவார். அந்தக் கணினிக்குள் நுழைந்த எவரும் அந்தக் கோப்பைப் படிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம் என்று திறந்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. அதே மாதிரி, பயனர் தட்டச்சு செய்த பெயரை அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கும் மொழி) வரிக்குள் ஒட்டிவிடும் நிரலைப் பதிலாகத் தருவார்கள். குமார், செல்வி என்று போட்டுச் சோதித்தால் அருமையாக ஓடும். டி'சோசா என்று ஒருவர் வந்து பதிவு செய்யும்போது, பெயருக்குள் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறியில் வரி உடைந்து பிழை வரும். அந்த உடைந்த இடத்தின் வழியாகத்தான் கெட்ட எண்ணம் உள்ளவர் முழு தரவுத்தளத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார். மதிப்பை வரிக்குள் ஒட்டாமல் தனி அளவுருவாக அனுப்பினால் இந்த ஓட்டையே இருக்காது, எழுதுகிறவருக்குப் பெரிதாகக் கூடுதல் வேலையும் ஆகாது.

"ஏதோ ஒரு பதில்தானே, யார் இதைப் போய் நிஜ மென்பொருளில் போடப்போகிறார்கள்" என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2017-ல் வெளியான ஒரு ஆய்வு 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளை அலசியது. அவற்றில் 15.4 சதவீதத்தில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருக்கும் பாதுகாப்பு சம்பந்தமான நிரல் துண்டுகள் காணப்பட்டன. அந்தச் செயலிகளில் 97.9 சதவீதத்தில் பாதுகாப்பற்ற துண்டு ஒன்றாவது இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பை (செயலி பேசும் சர்வர் உண்மையானதுதானா என்று பார்ப்பதை) அணைத்துவிட்டால் பிழை போய்விடும் என்று யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் செய்த உதவி, இப்படித்தான் யாருடைய போனுக்குள்ளோ போய் உட்காருகிறது.

கெட்ட எண்ணமே இல்லாத, நல்ல திறமைசாலி எழுதிய பதிலுக்கும் இது நடக்கும். பைட் கணக்கில் இருக்கும் கோப்பின் அளவை கிலோபைட், மெகாபைட் என்று மனிதர் படிக்கும்படி மாற்றித்தரும் ஜாவா நிரல் ஒன்றை 2010-ல் ஒருவர் பதிலாக எழுதினார். சில வரிதான், பார்க்கவே அழகாக இருக்கும். பல வருடம் கழித்து ஒரு ஆய்வில் தெரிந்தது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கும் திட்டங்களுக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துண்டு அதுதான் என்று. எழுதியவர் 2019-ல் திரும்பிப் போய்ப் பார்த்தார், அதில் ஒரு தவறு இருந்தது: 9,99,999 பைட் என்று கொடுத்தால் 1.0 மெகாபைட் என்பதற்குப் பதில் 1000.0 கிலோபைட் என்று காட்டியது. அவர் பதிலைத் திருத்தியதோடு நிற்காமல், என்ன தவறு, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று வெளிப்படையாக எழுதினார். ஒன்பது வருடம் கழித்துத் தன் பதிலுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்ட அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை. உதவி செய்யும் முறை என்று பேசும்போது கனிவாகப் பேசுவதைப் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள், இந்தப் பொறுப்பைப் பற்றிச் சொல்வதில்லை.

பழைய பதில்கள் கெட்டுப்போவதும் உண்டு. பைத்தான் என்கிற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது, ஆனால் அதற்காக எழுதிய பதில்கள் நூற்றுக்கணக்கான ஓட்டோடு இன்றும் நிற்கின்றன. கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதில் எப்போதும் உச்சியில் நிற்கும் என்கிற வழக்கத்தை 2021-ல் மாற்றினார்கள், அது நல்ல முடிவு. அடுத்தவர் பதிலில் எழுத்துப்பிழை, காலாவதியான சுட்டி என்றால் தயங்காமல் திருத்தலாம், அதற்குத்தான் அந்த வசதி. அவர் சொல்ல வந்ததையே மாற்றுவதென்றால் கைவைக்கக் கூடாது, தனியாக ஒரு பதில் எழுதி, எந்தப் பதிப்பிலிருந்து எது மாறியது என்று சொல்ல வேண்டும். வெறும் சுட்டியை மட்டும் பதிலாகப் போடுவதை நிராகரிப்பதும் இதனால்தான். அந்தப் பக்கம் என்றைக்காவது ஒரு நாள் காணாமல் போகும், போனால் பதிலும் போயிற்று.

இனி அந்த எரிச்சல் விஷயம். 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, எங்கள் தளம் புதியவர்களை, குறிப்பாகப் பெண்களையும் விளிம்பில் இருக்கும் மற்றவர்களையும் வரவேற்கும்படி இல்லை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது, அதே வருடம் புது நடத்தை விதிகளும் வந்தன. பழைய பங்களிப்பாளர்கள் பலர் கொதித்துப்போனார்கள். பல வருடம் சம்பளம் இல்லாமல் குப்பை பொறுக்கிய எங்களைப் பார்த்தா முரடர்கள் என்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்த ஆதங்கமும் நியாயம்தான். ஒரு கேள்விகூடத் தேடிப் பார்க்காமல், பிழைச் செய்தியைக்கூட ஒட்டாமல், போனில் எடுத்த மங்கலான திரைப் படத்தைப் போட்டு "அவசரம்" என்று எழுதுகிறவர்களை நாள்தோறும் பார்த்தால் யாருக்கும் அலுக்கும். ஆனால் அலுத்துப்போனவர் எழுந்து போய்விடலாம் என்பதுதான் தன்னார்வ உதவியின் வசதி. பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போகலாம், மோசமான கேள்வி என்றால் எதிர் ஓட்டுப் போடலாம், மூடச் சொல்லி வாக்களிக்கலாம். கூடவே ஒரு குத்தலும் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

"இதைக் கூகுளில் போட்டால் அஞ்சு விநாடியில் கிடைத்திருக்குமே" என்கிற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்கிறவருக்குக் கிடைக்கும், ஏனென்றால் அந்தப் பிரச்சினைக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். கேட்டவருக்கு அந்தப் பெயர்தான் தெரியாது. "இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர், அந்தப் பெயரில் தேடினால் விரிவான விளக்கங்கள் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டால் அதுவே முக்கால்வாசி உதவி. முன்பே கேட்கப்பட்ட கேள்வி என்று மூடுவதும் அப்படித்தான். மூடிய கேள்வி உடனே அழிந்துபோவதில்லை, வேறு வார்த்தையில் தேடி வருபவர்களை நல்ல பதிலுக்குக் கொண்டுபோய் விடும் வழிகாட்டியாக அங்கேயே நிற்கலாம். ஆனால் ஒரு குறிச்சொல்லில், அதாவது ஜாவா, பைத்தான் மாதிரி ஒரு பிரிவில், தங்கப் பதக்கம் வாங்கியவர் தனி ஆளாகவே ஒரு கேள்வியை இப்படி மூடிவிட முடியும். அந்த அதிகாரம் கையில் இருப்பவர், தலைப்பு ஒரே மாதிரி இருக்கிறதே என்று மட்டும் பார்க்காமல் அந்தப் பழைய பதில் இவருடைய சிக்கலை நிஜமாகவே தீர்க்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு மூட வேண்டும்.

அவசரத்துக்குப் புள்ளி முறையும் ஒரு காரணம். பதிலுக்கு ஒரு ஆதரவு ஓட்டு விழுந்தால் 10, கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15. முதலில் வரும் பதிலுக்குத்தான் ஓட்டு குவியும் என்பதால், ஒற்றை வரியை எழுதிப் போட்டுவிட்டு, திருத்தினால் தடம் தெரியாத முதல் ஐந்து நிமிடத்துக்குள் மீதியைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதில் தப்பில்லை, மீதியைச் சேர்த்தால். கல்லூரி வீட்டுப்பாடம் என்று தெரிந்தும் புள்ளிக்காக முழு நிரலையும் எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காது. எந்த வரியில் சிக்கல், ஏன் என்று சொல்லி அங்கேயே நிறுத்தினால் போதும்.

2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வந்தது. சில நாளிலேயே, அதில் உருவாக்கிய பதில்களை ஒட்டக் கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தெரியும், ஆனால் பல நேரம் தவறாக இருக்கும். உருவாக்க ஒரு நிமிடம், சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேரம். அந்த வெள்ளத்தைச் சமாளிக்கத் தன்னார்வலர்களால் முடியவில்லை. இதைக் கையாள்வதில் நிறுவனத்துக்கும், தளத்தைக் கண்காணிக்கும் தன்னார்வ மட்டுறுத்துநர்களுக்கும் மோதல் வந்து 2023 ஜூனில் வேலைநிறுத்தம் வரைக்கும் போனது. எளிய கேள்விகள் இப்போது நேராக இயந்திரத்திடம் போய்விடுகின்றன, தளத்துக்கு வரும் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அப்படியும் ஒருவர் மனிதர்களைத் தேடி வருகிறார் என்றால், பெரும்பாலும் இயந்திரத்திடம் கேட்டுப் பார்த்துச் சலித்துத்தான் வருகிறார். அவருக்கே திரும்பவும் இயந்திரத்தின் பதிலை ஒட்டுவது, அவர் நேரத்தையும் வீணாக்குவது. தானே ஓட்டிப் பார்த்த நிரலை, எந்தப் பதிப்பில் ஓட்டினேன் என்ற விவரத்தோடு தருவதற்குத்தான் இப்போது மதிப்பு அதிகம்.

நம்மவர்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. ஆங்கிலம் தவிர போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் இந்தத் தளம் இருக்கிறது, தமிழில் இல்லை. சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூட, அதை ஆங்கிலத்தில் கோர்வையாக எழுத முடியாமல் எதிர் ஓட்டு வாங்குகிறார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி இருக்கிற, ஆனால் விஷயம் உள்ள ஒரு கேள்வி கண்ணில் பட்டால், ஒன்றும் சொல்லாமல் வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போவது எனக்குத் தெரிந்து மிகப் பெரிய உதவி. ஓட்டு நிலவரமே மாறிவிடும்.

இந்தத் தடையால்தான் பலர் டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களிலேயே தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கிக்கொள்கிறார்கள். கனிவும் வேகமும் அங்கே அதிகம், யாரும் வணக்கத்தை வெட்டுவதில்லை. ஆனால் அடுத்த வாரம் அதே சிக்கலோடு வருபவருக்கு அந்தப் பதில் கண்ணில் படாது, கூகுளிலும் வராது. குழுவில் ஒரு சிக்கல் தீர்ந்ததும், தீர்த்தவரோ கேட்டவரோ அதைப் பொதுவில் எழுதி வைக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, தானே கேட்டுத் தானே பதில் எழுதுவதை ஆரம்பத்திலிருந்தே அனுமதிக்கிறது, கேள்விப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பெட்டி உண்டு. தமிழில் எழுதப் பிடித்தவர்கள் சொந்த வலைப்பதிவில் எழுதலாம். எங்கே எழுதினாலும் பிழைச் செய்தியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் தலைப்பிலோ முதல் வரியிலோ வையுங்கள், தேடுகிறவர் அதைத்தான் தட்டச்சு செய்வார். அடுத்து மென்பொருளின் பதிப்பு எண், அதன் கீழே தீர்வு, காரணமும் விளக்கமும் அதற்குப் பிறகு.